கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொச்சி வரை: சின்ன ஜாஸ் பேண்டோடு ஊர் ஊராகப் போய் வாசிப்பது எப்படி

சாக்ஸபோன், கீபோர்டு, பேஸ், டிரம்ஸ் என்று நாலு பேர் சேர்ந்த ஒரு பேண்ட் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலிருந்து கிளம்பினால் கிழக்கே பொள்ளாச்சி, கோயம்புத்தூர், ஊட்டி, மேற்கே பாலக்காடு, திருச்சூர், கொச்சி என்று இரண்டு பக்கமும் வாசிக்கலாம். நம் ஊர்க்காரர்களுக்குத் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும், ஹோட்டல் மேனேஜரோடும் சவுண்ட்காரரோடும் பேச ஆள் தேட வேண்டாம். ஆனாலும் ஒரு ராத்திரி வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுப்பது வேறு, நாலைந்து நாள் தொடர்ந்து வெளியூரில் வாசிப்பது வேறு. ஜாஸில் பாதி மேடையிலேயே பிறக்கிறது. பேஸ்காரர் ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் டிரம்மர் அதைக் காதில் வாங்கி அந்த நொடியே பதில் சொல்லியாக வேண்டும். தூக்கம் கெட்டவருக்கும், பணத்தில் மனக்கசப்பு உள்ளவருக்கும், மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டவருக்கும் அந்தக் காது வேலை செய்யாது. அதனால் பயண ஏற்பாடு என்று நான் சொல்வதெல்லாம் மேடையில் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நாலு பேர் காதையும் காப்பாற்றி வைப்பதற்காகத்தான்.

முதலில் தேதி. நம் பக்கம் தமிழ், மலையாளம் இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தேதி குறிக்க முடியும். ஆடியும் கர்க்கடகமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை இரண்டு பக்கமும் இந்துக் கல்யாண ரிசப்ஷன் அனேகமாகக் கிடையாது, மேற்கே மழையும் கொட்டும். சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பது நோன்பிலும் டிசம்பர் 1 முதல் 25 வரையான நோன்பிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஆனால் அதே டிசம்பரில் ரிசார்ட்டும் ஹோட்டலும் கூப்பிடும், அதனால் அந்த மாதத்தை ஹோட்டல்களுக்கென்று ஒதுக்குங்கள். மாதத்தின் ஒன்றாம் தேதி கேரளத்தில் ட்ரை டே (மது விற்காத நாள்) என்பதால் பார் உள்ள இடம் எதிலும் அன்றைக்கு நிகழ்ச்சி கேட்காதீர்கள். மலையாள மாதம் மீனத்தில் நெம்மாற வல்லங்கி வேலா, மேடத்தில் திருச்சூர் பூரம், கும்பத்தில் நம் சித்தூரிலேயே கொங்கன் படை. இந்தத் திருவிழா நாட்களில் அந்த ஊர் வழியாக வண்டி நகராது. ஹர்த்தால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் இரண்டு ஊருக்கு நடுவே ஒரு நாள் சும்மா விடுங்கள். அந்த நாளுக்குச் சம்பளம் இல்லைதான், ஆனால் அது பயிற்சிக்கும் ஆகும், துணி துவைக்கவும் ஆகும்.

பணத்தை எழுத்தில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் போதும், ஆனால் எழுத வேண்டும்: எத்தனை செட் (இடைவேளை இல்லாமல் வாசிக்கிற பகுதி), ஒரு செட் எத்தனை நிமிடம், சவுண்ட் யார் தருவது, எத்தனை ரூம், சாப்பாடு யார் பொறுப்பு, டிரைவருக்கும் அதில் இடம் உண்டா. பாதி முன்பணம், மீதி இரண்டாவது செட் தொடங்கும் முன். நிகழ்ச்சி முடிந்த பிறகு என்று விட்டால் மேனேஜர் வீட்டுக்குப் போயிருப்பார், நீங்கள் ரிசப்ஷனில் நின்றுகொண்டிருப்பீர்கள். டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடித்தால் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், பான் நம்பர் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். மொத்தப் பணமும் ஒருவர் பெயரிலேயே வந்தால் வருமானமெல்லாம் அவர் கணக்கில்தான் தெரியும், வரிக் கணக்கு எழுதும்போது சங்கடம், ஆகவே முடிந்த இடத்தில் நாலு பேரும் தனித்தனி பில் கொடுங்கள். பங்கு பிரிக்கும்போது நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரிப்பது நல்லது. ஐந்தாவது பங்கு ரீட் (சாக்ஸின் ஊதுவாயில் வைக்கிற மெல்லிய பட்டை), கேபிள், டிரம் தோல் செலவுக்கு. இதைப் பயணம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசக் கூடாது.

பாட்டு உரிமை பற்றியும் ஒரு வார்த்தை: ஹோட்டல், ரெஸ்டாரண்ட் நிகழ்ச்சிக்கு ஐபிஆர்எஸ் (பாட்டு உரிமைக்கான சங்கம்) லைசென்ஸ் எடுப்பது நடத்துகிறவர் பொறுப்பு என்று அதே வாட்ஸ்அப்பில் ஒரு வரி சேருங்கள். திறந்தவெளி என்றால் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, அதனால் ஏழரைக்கு ஆரம்பிக்கிற இடங்களையே பேசிப் பிடியுங்கள்.

வண்டி என்றால் பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர். பின்பாதி முழுக்கச் சாமான், முன்பாதியில் ஆட்கள். கேரியர் வைத்த இன்னோவாவில் அடங்கும் என்று சிலர் சொல்வார்கள், அடங்கத்தான் செய்யும், ஆனால் குதிரான் தாண்டி மழை பிடித்தால் மேலே இருக்கிற டிரம் கேஸ் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளை போர்டு (சொந்த உபயோகத்துக்கான) வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள், வாளையாரிலோ கோபாலபுரத்திலோ மோட்டார் வாகனத் துறை பிடித்தால் அன்றைய நிகழ்ச்சியே போய்விடும். எல்லாச் சாமானையும் சீரியல் நம்பரோடு ஒரு தாளில் எழுதி டிரைவர் பக்கத்தில் வையுங்கள். எல்லையில் எக்சைஸ்காரர்கள் கதவைத் திறக்கச் சொன்னால் அந்தத் தாளைக் காட்டினாலே பாதி வேலை முடியும். டிரம் செட் முழுவதையும் சுமக்க வேண்டாம். ஸ்னேர், சிம்பல்கள், பெடல், பிரஷ், ஸ்டூல் ஆகியவை மட்டும் சொந்தமாக இருக்கட்டும், மற்றதை அங்கேயே வாடகைக்குக் கேளுங்கள். வாடகைக்கு வருவது பெரும்பாலும் கானமேளாவுக்கான (திரைப்பாட்டுக் கச்சேரிக்கான) 22 இஞ்ச் பேஸ் டிரம், ஜாஸுக்கு 18 இஞ்ச் இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உள்ளே ஒரு கம்பளியை மடித்து வைத்து, தோலைக் கொஞ்சம் இறுக்கினால் ஓரளவு கட்டுக்குள் வரும்.

வாத்தியங்களை நம் பக்கம் அதிகம் படுத்துவது வெயிலும் ஈரமும். டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று உலர்ந்த காற்று, உதடு வெடிக்கும். அதே நாள் மாலை கொச்சியில் இறங்கினால் சட்டை உடம்போடு ஒட்டும். சாக்ஸின் ரீட் நாணல் வகையைச் சேர்ந்த ஒரு செடியின் தண்டில் சீவியது, அது ஈரத்தைக் குடித்து உப்பும், உலர்ந்தால் நெளியும். சித்தூரில் காலையில் அருமையாகப் பேசிய ரீட் கொச்சியில் கனத்துப் போய் மூச்சைக் கேட்கும். ஆகவே இரண்டரை, மூன்று என்று இரண்டு கனத்திலும் ரீட் எடுத்துப் போங்கள், ஒவ்வொன்றிலும் பேனாவால் நம்பர் போட்டு மாற்றி மாற்றி வாசியுங்கள், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஆல்ட்டோவில் ஜி ஷார்ப் சாவியும் கீழ் சி ஷார்ப் சாவியும்தான் முதலில் ஒட்டும். அழுத்தினால் திறக்காது, அல்லது சட்டென்று ஒரு சத்தத்தோடு திறக்கும். சிகரெட் சுற்றுகிற மெல்லிய தாள் ஒன்றைப் பேடுக்கும் (துளையை மூடுகிற மெத்தை) துளைக்கும் நடுவே செருகி, பேடை லேசாக மூடிப் பிடித்து, ஈரம் தாளில் இறங்கும்வரை இருந்துவிட்டு, பேடைத் திறந்து தாளை எடுங்கள். மூடியபடியே இழுத்தால் பேடின் தோல் கிழியும். ரூபாய் நோட்டை வைத்து இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் இருக்கிற அழுக்கு போதும் அடுத்த வாரம் மறுபடி ஒட்டுவதற்கு. இதற்கெல்லாம் மூல காரணம் சாயா. சர்க்கரை போட்ட சாயா குடித்த வாயோடு ஊதினால் அந்தச் சர்க்கரை எச்சிலோடு கலந்து பேடில் போய் உட்காரும். வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள், இல்லையென்றால் சர்க்கரை போடாத கட்டன் சாயா குடியுங்கள்.

டபுள் பேஸ் வைத்திருப்பவர்கள் பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயிலில் அதை மூடிய வண்டிக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. 40 டிகிரி வெளியே என்றால் வண்டிக்குள் இன்னும் மோசம், பசை இளகி ஓரம் பிரியும். சாப்பாட்டுக் கடைக்கு உள்ளேயே தூக்கிப் போங்கள், கடைக்காரர் வியந்து பார்ப்பார், இடம் கொடுப்பார். பயணத்துக்கென்று மின்சார அப்ரைட் பேஸ் ஒன்று இருந்தால் பெரிய நிம்மதி.

கரண்டில் அலட்சியம் வேண்டாம். புல்வெளியில் மேடை, நனைந்த தரை, ஆம்ப் ஒரு பிளக்கில், சவுண்ட் சிஸ்டம் இன்னொரு பிளக்கில், எர்த் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. பேஸ்காரர் கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் வாய் வைத்தால் உதட்டில் அடிக்கும். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கிற சாதாரண டெஸ்டரை மைக்கின் வலை மேல் வைத்துப் பாருங்கள், விளக்கு எரிந்தால் யார் என்ன சொன்னாலும் மேடை ஏறாதீர்கள். எல்லா வாத்தியமும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கும்படி சொந்தமாக ஒரு நீள எக்ஸ்டென்ஷன் போர்டு எடுத்துப் போவது பெரும்பாலான சிக்கலைத் தீர்க்கும். டெஸ்டர் விளக்கு அணையாதவரை ஒரு ஸ்வரம்கூட வாசிக்க வேண்டாம்.

சவுண்ட்காரரைப் பற்றி மரியாதையோடு பேச வேண்டும். அவர் கானமேளாவுக்கும் சர்ச் பெருநாளுக்கும் பழகியவர், எல்லாவற்றிலும் எக்கோ வைப்பார், பேஸைத் தூக்குவார், டிரம்முக்கு ஆறு மைக் வைப்பார். அது அவர் வேலையின் பழக்கம். போனதும் பெயர் கேளுங்கள், ஒரு சாயா வாங்கிக் கொடுங்கள், அப்புறம் "சேட்டா, எக்கோ வேண்டாம், டிரம்முக்கு ஒரு மைக் போதும், மேடையில் எங்களுக்கு எங்களையே கேட்க வேண்டும்" என்று அவர் மொழியிலேயே சொல்லுங்கள். சாக்ஸ் மைக்கை மணிவாய்க்குள் நுழைக்க வேண்டாம், ஒரு அடி தள்ளி, நடு உடம்பைப் பார்த்தபடி வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சத்தம் எல்லாத் துளைகளிலிருந்தும்தான் வருகிறது. மேடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நெருங்கி நில்லுங்கள். பேஸ்காரர் டிரம்மரின் ரைடு சிம்பலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும், கீபோர்டுக்காரருக்கு இருவர் கையும் தெரியட்டும். அகலமான மேடையில் நாலு மூலைக்கு நாலு பேர் நின்றால் மானிட்டர் எத்தனை வைத்தாலும் சேராது.

என்ன வாசிப்பது என்பதில் நம் பக்கம் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "கத்ரி மாதிரி வாசிப்பீர்களா?" 2019-இல் காலமான கத்ரி கோபால்நாத் ஆல்ட்டோ சாக்ஸில் கர்நாடக சங்கீதத்தை வாசித்து இங்கே வீடு வீடாக அந்த வாத்தியத்தைக் கொண்டு சேர்த்தவர், அவர் பெயரைச் சொல்லிக் கேட்கிறவர் உங்களை மதித்துத்தான் கேட்கிறார். அவர் வாசித்ததைப் போலச் செய்ய முயல வேண்டாம், அது வாழ்நாள் சாதகம். ஆனால் மோகனத்தின் ஐந்து ஸ்வரமும் மேஜர் பென்டடானிக்கும் ஒன்று, சுத்த தன்யாசியும் மைனர் பென்டடானிக்கும் ஒன்று. மைனர் புளூஸ் ஒன்றை எடுத்து, சாக்ஸ் தன் சோலோவைச் சுத்த தன்யாசியின் பிடிகளோடு தொடங்கினால் முன்வரிசையில் இருக்கிற பெரியவர் நிமிர்ந்து உட்காருவார், பேண்டும் தன் வழியிலேயே இருக்கும். திரைப்பாட்டு இரண்டு மூன்றை ஸ்விங்கில் தயார் செய்துகொள்ளுங்கள், முதல் செட்டின் கடைசியில் ஒன்று, இரண்டாவது செட்டின் நடுவில் ஒன்று. கேட்கக் கேட்க வாசித்துக்கொண்டே போனால் ராத்திரி முழுவதும் அதுவே ஆகிவிடும். பாட்டின் மூல மெட்டுக்குத் (ஜாஸில் அதை "ஹெட்", தலை என்பார்கள்) திரும்ப வேண்டும் என்றால் தலையைத் தட்டிக் காட்டுவது, நாலு நாலு பாராக (தாளச் சுற்றாக) டிரம்மரோடு மாற்றி மாற்றி வாசிக்க நாலு விரல் காட்டுவது என்று சைகைகளை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

மத்தியானச் சாப்பாடு சின்னதாக இருக்கட்டும். பரோட்டாவும் பீஃபும் ருசிதான், நிகழ்ச்சி முடிந்து தட்டுக்கடையில் சாப்பிடுங்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமானது: நிகழ்ச்சி முடிந்த ராத்திரியே வண்டி ஓட்ட விடாதீர்கள். சாமான் கட்டி முடிக்கப் பன்னிரண்டு ஆகும், கொச்சியிலிருந்து நம் ஊர் மூன்று நாலு மணி நேர ஓட்டம், ரூம் வாடகை மிச்சம் என்று தோன்றும். பின்னால் நாலு பேரும் தூங்கிவிடுவார்கள், டிரைவர் அண்ணன் தனியாக லாரிகளுக்கு நடுவே விழித்திருக்க வேண்டும், அவர் காலையிலிருந்து ஓட்டியிருக்கிறார். அவருக்குத் தனிக் கட்டில், நேரத்துக்குச் சாப்பாடு, பேட்டா அன்றன்றைக்கே. சில ஹோட்டல்களில் டிரைவருக்கு வண்டியிலேயே படுக்கச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளவே கூடாது. ஒரு ரூம் குறைவாக இருந்தால் நாம் மூன்று பேர் ஒரு ரூமில் படுக்கலாம், அவர் தூங்கட்டும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் திருச்சூர் நெரிசலுக்கு முன்பே தாண்டிவிடலாம்.

வாசித்ததைப் பற்றிய சண்டையை அன்றைய ராத்திரி ஆரம்பிக்காதீர்கள். "அந்த இடத்தில் நீ ஏன் வேகம் பிடித்தாய்" என்ற ஒரு கேள்வி ராத்திரி பன்னிரண்டரைக்கு வேறு மாதிரி காதில் விழும். ஒவ்வொரு செட்டையும் போனில் பதிவு செய்யுங்கள், மறுநாள் காலை வண்டியில் போட்டுக் கேளுங்கள். வேகம் பிடித்தது யார் என்று பதிவே சொல்லிவிடும், சில நேரம் குற்றம் சாட்டியவரே பிடித்திருப்பார், சில நேரம் ராத்திரி யாரும் கவனிக்காத ஒரு நல்ல இடம் கிடைக்கும், அதை அன்றைக்கு மாலையே மறுபடி முயன்று பார்க்கலாம். அதில் சிக்கிய ஒரே ஒரு விஷயத்தைச் சவுண்ட் செக்கில் சரி செய்யுங்கள், பத்து விஷயம் வேண்டாம்.

ஊர் திரும்பிய அன்றைக்கே கணக்கை முடித்துவிடுங்கள். வண்டி வாடகை, டிரைவர் பேட்டா, டோல், ஐந்தாவது பங்கு எல்லாம் கழித்து, நாலு பேருக்கும் எவ்வளவு என்று எழுதிக் குழுவில் போட்டுவிட்டு, பணத்தை அனுப்பிவிட்டு அப்புறம் தூங்குங்கள். டிரம் கேஸ், சாக்ஸ் கேஸ் எல்லாவற்றையும் நிழலில் திறந்து வைத்து ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள், கடற்கரை ஊரில் வாசித்திருந்தால் சிம்பலையும் சாவிகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள், உப்புக் காற்று சீக்கிரமே பச்சை பூக்க வைக்கும்.