சின்ன நாயை மலையில் அவிழ்த்துவிடும் முன்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பாதைகளில் நடக்கப் போகிறவர்கள் பலர், கூடவே ஒரு பொமரேனியனையோ டாஷண்டையோ கூட்டி வருகிறார்கள். ஆள் நடமாட்டம் குறைந்ததும் லீஷை, அதாவது கையில் பிடித்து நடக்கும் கயிற்றை, கழற்றிவிடுவார்கள். கேட்டால், "இத்தனூண்டு நாய், யாரை என்ன பண்ணிடப் போகுது?" என்பார்கள். அது யாரையும் ஒன்றும் பண்ணாதுதான். அதைப் பண்ணுவதற்குத்தான் அங்கே ஆள் இருக்கிறது. நீலகிரியில் சிறுத்தை வீட்டு வாசலுக்கே வந்து நாயைத் தூக்கிப் போகிறது. விடியும் முன்பும் பொழுது சாயும் நேரத்திலும் லீஷைக் கழற்றவே கூடாது. காட்டுமாடு வேறு வகைத் தொல்லை. நாய் குரைத்துக்கொண்டே ஓடும், மாடு திரும்பித் துரத்தும், உடனே நாய் உங்கள் காலுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொள்ளும். மாடும் அங்கேதான் வரும்.

நான் செய்த தவறு இன்னொன்று. வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும்தான் என் டாஷண்டைக் கூப்பிடுவேன். நாலாவது நடையிலேயே அதற்குக் கணக்குப் புரிந்துவிட்டது: கூப்பிட்டால் ஆட்டம் முடிந்தது. அன்று பத்தடி தள்ளி நின்று என்னை ஒரு பார்வை பார்த்தது, சாவகாசமாகத் தேயிலைச் செடிக்குள் நுழைந்துவிட்டது. துரத்தினேன். துரத்தினால் அது விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் எதிர்ப்பக்கம் ஓடியிருந்தால் அது பின்னாலேயே வந்திருக்கும். அப்புறம் பல வாரம் பத்து மீட்டர் கயிற்றில்தான் பழக்கினேன். ஒரு நடையில் பத்து முறை கூப்பிடுவது, வந்ததும் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று, ஒன்பது முறை திரும்ப விட்டுவிடுவது. கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னெஸில் கட்டுங்கள். வேரில் மாட்டி இழுத்தால் பொமரேனியன் போன்றவற்றின் மூச்சுக்குழாய் தாங்காது.

இனத்தையும் பார்க்க வேண்டும். டாஷண்ட், ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வேட்டையாட வளர்த்த ஜாதி. முள்ளம்பன்றி வளையைக் கண்டால் நீங்கள் போடும் சத்தம் காதில் ஏறாது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு ஏற்றமும் வெயிலும் சேர்ந்தாலே ஆபத்து. மூச்சு கரகரத்தால் நிழலில் உட்காரவைத்து உடம்பை நனையுங்கள், இறங்கும்போது தூக்கிக்கொள்ளுங்கள்.

முதுமலை, முக்கூர்த்தி போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கு லீஷ் போட்டும் கூட்டிப் போகாதீர்கள். நாயிடமிருந்து டிஸ்டெம்பர் என்ற கொடிய நோயின் கிருமி காட்டு விலங்குகளுக்குத் தொற்றும்.

தோட்டத்தில் பலர் யோசிக்காத விஷயம் மருந்தடிப்பு. நமக்கு இடுப்பளவு இருக்கும் தேயிலைச் செடி, சின்ன நாய்க்குக் காடு. அடியில் புகுந்தால் உடம்பு முழுக்க உரசும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பாதத்தை நக்கும். அன்று எந்தப் பக்கம் மருந்து அடித்திருக்கிறார்கள் என்று கொழுந்து பறிக்கிற அக்காமாரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். எதற்கும் வீட்டுக்குள் விடும் முன் வாசலிலேயே வயிற்றையும் காலையும் கழுவி, விரலிடுக்கில் அட்டை, உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காதுமடலுக்குள்ளேயும்தான்.