வீட்டுலயே ஆயில் கேட்ச் கேன் செய்யறவங்க எங்க கோட்டை விடுறாங்க

ஆயில் கேட்ச் கேன்னா, எஞ்சின் விடற மூச்சுல வர்ற ஆயில் ஆவியை, அது இன்டேக்குக்குள்ள, அதாவது எஞ்சின் காத்து இழுக்கற வழிக்குள்ள போவறதுக்கு முன்னாடி புடிச்சு வைக்கற டப்பா. கேன் செய்யறதுக்கு முன்னாடி உங்க காடிக்கு அது வேணுமான்னு பாருங்க. மைவி, சாகா மாதிரி போர்ட் இன்ஜெக்‌ஷன் காடியில பெட்ரோல் இன்டேக் வால்வுக்கு பின்னாடிதான் தெளிக்குது, அதுவே வால்வை கழுவிக்கிட்டு இருக்கும், கேன் இல்லேன்னா ஒன்னும் குடி முழுகிடாது. எக்ஸ்70, எக்ஸ்50 டிஜிடிஐ மாதிரி டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போயிடுது, அதனால ஆயில் ஆவி வால்வுல படிஞ்சா கழுவ வழியே இல்ல, கரி புடிச்சிக்கும். அந்த மாதிரி காடிக்கும், டர்போவுக்கும், பிஸ்டன் ரிங் தேய்ஞ்ச பழைய எஞ்சினுக்கும் கேன் போடறதுல அர்த்தம் இருக்கு. பழைய காடி ஆயில் குடிக்குதுன்னு கேன் செய்யக் கிளம்பறவங்க மொதல்ல பிசிவி வால்வை, அதாவது எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்கு அனுப்பற வால்வை கழட்டி ஆட்டிப் பாருங்க, டிக் டிக்னு சத்தம் வரலன்னா அது அடைச்சிருக்கு, அதை மாத்தினாலே பாதி பேருக்கு வேலை முடிஞ்சிடும், செலவும் கம்மி.

சரி, செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. எஞ்சின் விடற மூச்சு முழுக்க இனிமே அந்த டப்பா வழியாதான் போவப்போவுது. அதனால ரெண்டே விஷயம்தான், காத்து லீக் ஆவக்கூடாது, காத்து அடைபடவும் கூடாது. கீழ சொல்ற தப்பு எல்லாமே கிட்டத்தட்ட இதுல ஏதாவது ஒன்னை மறந்ததால வர்றதுதான்.

டப்பாவுல ஆரம்பிப்போம். மைலோ டின், பால் டின் எல்லாம் வேணாங்க. அமுக்கி மூடற மூடி, வேக்கூம் இழுத்தா அங்கதான் காத்து பூரும். தண்ணி பாட்டில், பிவிசி பைப்புல மூடி ஒட்டி செய்யறது இதெல்லாம் வெளிய பாக்க நல்லாதான் இருக்கும், ஆனா பிவிசி தண்ணி பைப்பு 60 டிகிரிக்கு மேல தாங்கறதுக்கு செஞ்சதே இல்ல, மத்தியான வெயில்ல ஜாலான் ஈப்போ ஜாம்ல நின்னா பானெட்டுக்குள்ள சூடு எவ்வளவு ஏறும்னு யோசிச்சுக்கோங்க. ரொம்ப பேர் எடுக்கறது ஏர் கொம்ப்ரஸருக்கு போடற வாட்டர் ஃபில்டர், ஹார்ட்வேர் கடையில சல்லிசா கிடைக்குது. யோசனை நல்ல யோசனைதான், ஆனா அதுல மூனு சிக்கல் இருக்கு. ஒன்னு, அந்த வாய் கால் இன்ச்தான், பிசிவி ஹோஸ் அதை விட பெருசு, அங்கயே மூச்சு முட்டிடும், அதனால அரை இன்ச் வாய் உள்ளதா தேடுங்க. ரெண்டு, உள்ள இருக்கற அந்த வெள்ளை ஃபில்டர் கட்டையை கண்டிப்பா கழட்டணும், அது ரொம்ப நுணுக்கமான ஃபில்டர், ஆயில் ஊறினா அடைச்சிக்கும். மூனாவது, கண்ணாடி மாதிரி தெரியற கிண்ணம் பாலிகார்பனேட், ஆயில், பெட்ரோல் ஆவி பட்டுப்பட்டு நாளாவட்டத்துல வெடிப்பு விடும். மெட்டல் கிண்ணமா வாங்கிடுங்க, கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்ல.

வெறும் டப்பாவை மாட்டினா ஒன்னும் புடிக்காது. ஆன்லைன்ல விக்கற மலிவு கேனை திறந்து பாத்தா உள்ள காலியா இருக்கும், ஆவி ஒரு ஓட்டையில வந்து இன்னொரு ஓட்டையில போயிடும், ஆயில் எங்க தங்கும்? ஆவி எது மேலயாவது போய் மோதி, திரும்பி, குளிர்ந்தாதான் சொட்டு சொட்டா இறங்கும். அதுக்கு உள்ள வர்ற பைப்பை கொஞ்சம் கீழ இறக்கி, வெளிய போறதை மேலயே வச்சு, நடுவுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுரண்டி, அதாங்க சட்டி தேய்க்கறது, தளர்வா போடணும். இங்க ரெண்டு தப்பு நடக்கும். சிலர் சாதா ஸ்டீல் வுல் போடறாங்க, அது துரு புடிச்சு பொடியா உதிரும், அந்தப் பொடி நேரா இன்டேக்குக்குள்ள போவும், யாருக்கு வேணும் அந்த வம்பு? சிலர் நல்லா புடிக்கட்டும்னு சுரண்டியை திணி திணின்னு திணிச்சிடறாங்க. அப்புறம் கிரேங்க்கேஸ்ல, அதாங்க எஞ்சினோட அடிப்பகுதியில, பிரஷர் ஏறி, வால்வு கவர் கேஸ்கெட்டுல கசிவு, ரியர் மெயின் சீல்ல கசிவு. அந்த சீலை மாத்தறதுக்கு கியர்பாக்ஸ் இறக்கணும், ஃபோர்மேன் கூலி மட்டுமே எத்தனையோ கேனுக்கு சமம்.

ஹோஸ் விஷயத்துல மீன் தொட்டி டியூப் பக்கமே போவாதீங்க, சூட்டுல இளகி வேக்கூம்ல சப்பையாயிடும். கலர் கலரா விக்கற சாதா சிலிகான் ஹோஸும் ஆயிலுக்கு ஆவாது, ஊதிப்போய் வேர்க்கும். ஆயில் தாங்கற நைட்ரைல் ரப்பர் ஹோஸ் கேளுங்க, ஒரிஜினல் ஹோஸோட உள் அளவை விட சின்னதா எடுக்காதீங்க. நடுவுல தொங்க விட்டீங்கன்னா பள்ளத்துல ஆயில் தேங்கி வழி அடைச்சிக்கும். வாரண்டியில இருக்கற காடின்னா ஒரிஜினல் ஹோஸை வெட்டாம கழட்டி பத்திரமா எடுத்து வச்சிடுங்க.

இப்ப பெரிய தப்பு, லைன் மாத்தி போடறது. வால்வு கவர்லேருந்து ரெண்டு ஹோஸ் போவும். ஒன்னு பிசிவி வால்வுலேருந்து சிலிண்டருங்களுக்கு காத்தை பிரிச்சு அனுப்பற இன்டேக் மெனிஃபோல்டுக்கு, இன்னொன்னு த்ரோட்டலுக்கு முன்னாடி இருக்கற ஏர் பைப்புக்கு. டர்போ இல்லாத காடிக்கு கேன் மொதல் லைன்ல, வால்வுக்கும் மெனிஃபோல்டுக்கும் நடுவுல. டர்போ காடியில பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தி அனுப்பற காத்தோட பிரஷர், ஏறும்போது பிசிவி வால்வு மூடிக்கும், ஆவி ரெண்டாவது லைன் வழியாதான் டர்போ பக்கம் போவும், அதனால கெந்திங் ஏத்தத்துல காலை அழுத்தறவங்களுக்கு அந்த லைன்லயும் தனியா ஒரு கேன் வேணும். காசு மிச்சம்னு ரெண்டு லைனையும் டி ஜாயின்ட் போட்டு ஒரே டப்பாவுல சேத்தா முடிஞ்சது கதை, மெனிஃபோல்டு கிரேங்க்கேஸை விட்டுட்டு ஏர் பைப்லேருந்து காத்தை உறிஞ்சும், ஐட்லிங் ஏறிடும், கேனும் வேலை செய்யாது. அதே மாதிரி ரேஸ் காடி பாத்துட்டு மேல குட்டி ஃபில்டர் வைக்கறது. மெனிஃபோல்டு லைன்ல அதை வச்சா சென்சார் அளக்காத காத்து உள்ள போவும், செக் எஞ்சின் லைட் எரியும். ஏர் பைப் லைன்ல வச்சா ஏர்கோன் போட்டதும் காடிக்குள்ள ஆயில் வாடை.

மாட்டறதுக்கு முன்னாடி ஒரு வாயை அடைச்சிட்டு இன்னொன்னுல வாயால ஊதி வாளி தண்ணியில முக்கிப் பாருங்க, குமிழி வந்தா லீக். கொம்ப்ரஸர் காத்தை அடிச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, டப்பா வெடிச்சா முகத்துலதான். மாட்டினப்புறம் எஞ்சின் ஐட்லிங்ல இருக்கும்போது ஆயில் மூடியை திறந்து மெல்லிசான பிளாஸ்டிக் பையை மேல வைங்க, லேசா உள்ள இழுத்தா சரி, ஊதி மேல தூக்கினா எங்கயோ அடைச்சிருக்கு. எக்சாஸ்ட் பக்கத்துல மட்டும் கேனை வைக்காதீங்க, சூடா இருந்தா ஆவி குளிராது, ஆயில் சொட்டினா தீ புடிக்கற ஆபத்து வேற.

மொத தடவை திறந்து பாக்கறவங்க மயோனீஸ் மாதிரி மஞ்சளா வந்தா பதறிடறாங்க. வீட்டுக்கும் வேலைக்கும் கிட்ட கிட்ட ஓட்டறவங்களுக்கு எஞ்சின் முழுசா சூடேறாம தண்ணி ஆவி ஆயிலோட கலந்து அப்படி ஆவறது சகஜம். ரேடியேட்டர் தண்ணியும் கொறையுதுன்னா அது வேற கதை, ஹெட் கேஸ்கெட்டை பாக்க சொல்லுங்க. மாசம் ஒரு தடவை காலி பண்ணுங்க, மழை மாசத்துல இன்னும் சீக்கிரமா. வந்ததை திரும்ப எஞ்சின்ல ஊத்தாதீங்க, அதுல தண்ணியும் பெட்ரோலும் இருக்கு. லோங்காங்லயும் ஊத்தாதீங்க, ஆயில் மாத்தற வர்க்‌ஷாப்ல கழிவு ஆயில் டிரம் இருக்கும், கேட்டா ஊத்திக்க சொல்லுவாங்க.