ஆபீஸ் மைக்ரோவேவில் கருவாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். மலைநாட்டு ஆபீஸ்களில் பகல் பன்னிரண்டரைக்கு மைக்ரோவேவ் முன்னால் ஏன் வரிசை நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களே பதில். விடியற்காலையில் தாளித்துக் கட்டிய கருவாட்டுக் கறி, பெட்டியைத் திறக்கும்போது மேலே வெள்ளையாக உறைந்து கிடக்கும். கொழும்பில் இருப்பவர் ஆறிய சோற்றை அப்படியே சாப்பிட்டுவிடலாம். இங்கே அது தொண்டையில் இறங்காது. ஆகவே "மணக்கிற சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டுவராதீர்கள்" என்ற அறிவுரை ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் சரிவராது. கொண்டுவாருங்கள். சூடாக்குங்கள். ஆனால் அதற்கும் ஒரு முறை உண்டு.

ஏனென்றால் அதே குளிர்தான் மற்றவர்களுக்கு வினையாகிறது. ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வரும், மூடினால் நெத்தலி மணம் வெளியே போகாது. போதாக்குறைக்கு ஆளாளுக்குக் கம்பளி ஸ்வெட்டர். கம்பளியில் ஏறிய மணம் லேசில் இறங்காது. மாலையில் மஸ்கெலியா பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர், உங்கள் ஆபீசில் யாரோ சாப்பிட்ட கறியை உங்கள் தோளிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

"கதவுதான் மூடியிருக்கிறதே!"

முதல் தவறு இந்த நம்பிக்கை. மைக்ரோவேவின் கதவு கதிரைத்தான் தடுக்கும், மணத்தை அல்ல. உள்ளே சேரும் நீராவியை வெளியேற்றவென்றே மைக்ரோவேவின் உடம்பில் காற்றுத் துளைகள் இருக்கின்றன. உணவிலுள்ள தண்ணீர் சூடாகி ஆவியாகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு அந்த வழியாக வெளியே வருகிறது. மூடி போடாமல் வைத்தால் கறியும் தெறிக்கும். தெறித்த எண்ணெய் மேல் தட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்து வருபவர் பால் சுடவைக்கும்போது மறுபடி சூடாகி மறுபடி மணக்கும். நீங்கள் திங்கட்கிழமை வைத்த கட்டாக் கருவாட்டுக்கு வியாழக்கிழமை வரை ஆயுள் என்பது இப்படித்தான்.

மூடியை இறுக்கிப் பூட்டக் கூடாது, ஆவி போக ஓர் ஓரம் திறந்திருக்க வேண்டும். முழு வேகத்தில் மூன்று நிமிடம் வைப்பதைவிடப் பாதி வேகத்தில் கொஞ்சம் கூடுதலாக வைத்து, இடையில் ஒருமுறை கிளறினால் தெறிப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆனால் இதையெல்லாம்விடச் சுலபமான வழி, கருவாட்டை உள்ளே வைக்காமலே இருப்பது. வீட்டில் கட்டும்போதே சோற்றையும் பருப்பையும் ஒரு பெட்டியிலும், கருவாட்டையோ மாசிச் சம்பலையோ ஒரு சின்ன டப்பாவிலும் போடுங்கள். சோற்றை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். எடுத்தவுடன் கருவாட்டை அதன்மேல் வைத்து மூடி, இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். உறைந்த எண்ணெய் இளகிவிடும், மணம் உங்கள் பெட்டியோடு நிற்கும். பொரித்த நெத்தலிக்கு இதுதான் மரியாதையும்கூட. மைக்ரோவேவுக்குள் போய்வந்த நெத்தலி மொறுமொறுப்பை இழந்து, மெல்ல மெல்ல இழுபடும். மீன் கறியைச் சூடாக்கியே ஆகவேண்டும் என்றால் முதலில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடுங்கள். கடல்மீனின் கவிச்சிக்கு முக்கிய காரணம் டிரைமெத்திலமைன் என்ற பொருள். புளியோடு சேர்ந்தால் அது உப்பாக மாறிவிடும், எளிதில் காற்றில் ஏறாது. அம்மாமார் மீனைப் புளி போட்டுக் கழுவுவதிலும் இதே இரசாயனம்தான்.

மரக்கறிக்காரர்களின் அப்பாவித்தனம்

"நாங்கள் மரக்கறிதானே" என்று சொல்லிக்கொண்டு நேற்றைய கோவா (முட்டைக்கோஸ்) வறையை மூடியில்லாமல் வைப்பவர்களை நான் கருவாட்டுக்காரர்களுக்கு மேலே வைக்கமாட்டேன். கோவாவிலும் முட்டையிலும் கந்தகம் இருக்கிறது. கோவாவை எவ்வளவு நேரம் சூடாக்குகிறீர்களோ அவ்வளவுக்கு அது வெளியே வரும். நுவரெலியாவில் விளைந்தது என்பதால் அதற்கு ஊர்ச்சலுகை எதுவும் கிடையாது.

அவித்த முட்டையை முழுதாக வைப்பது வேறு வகைத் தவறு, அது வெடிக்கும். அமெரிக்காவில் ரேதியோன் நிறுவனத்தில் வேலை செய்த பெர்சி ஸ்பென்சர், 1945இல் ரேடார் கருவிக்குப் பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகியதைக் கவனித்ததில் இருந்துதான் மைக்ரோவேவ் பிறந்தது என்பார்கள். அப்புறம் அவர் ஒரு முட்டையை வைத்துப் பார்க்க, எட்டிப் பார்த்த சக ஊழியரின் முகத்தில் அது வெடித்ததாம். ஆக, கூட வேலை செய்பவரின் முகத்தை மைக்ரோவேவால் கெடுப்பது மைக்ரோவேவின் வயதே உள்ள பழக்கம். முட்டையை இரண்டாக வெட்டி வையுங்கள், அல்லது ஆறியபடியே சாப்பிடுங்கள்.

சோற்றுப் பார்சலை அப்படியே தூக்கி உள்ளே வைப்பவர்களும் இருக்கிறார்கள். பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை அரசாங்கம் 2017 செப்டம்பரில் தடைசெய்தது, ஆனாலும் ஏதோ ஒரு பிளாஸ்டிக் தாள் பார்சலோடு வந்துகொண்டுதான் இருக்கிறது. சூடான எண்ணெய் பட்டால் அது இளகும். தட்டில் கொட்டிச் சூடாக்குங்கள். அலுமினியத் தாளும் எவர்சில்வர் டிபனும் உள்ளே போகவே கூடாது.

தேயிலை டின்

இது நம் பக்கத்துக்கே உரிய தவறு. ஆபீஸ்களில் மைக்ரோவேவ், கேத்தல், சீனி, பால்மா, தேயிலை டின் எல்லாம் ஒரே மேசையில்தான் இருக்கும். காலைத் தேத்தண்ணி ஊற்றியவர் டின்னைச் சரியாக மூடாமல் போயிருப்பார். காய்ந்த தேயிலை ஈரத்தையும் மணத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். மல்லிகைத் தேயிலை என்று விலைக்கு விற்கிறார்களே, அது பூவைத் தேயிலையோடு போட்டுவைத்து மணத்தை ஏறவிடுவதுதான். தேயிலை சுவைத்துப் பார்க்கும் அறைகளில் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருபவர்களை விரும்பாததும் இதனால்தான். பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை திறந்த டின்னுக்குப் பக்கத்தில் டின்மீன் கறியும் கருவாடும் மாறி மாறிச் சூடானால் மூன்று மணிப் பிளேன்டீ எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "இன்றைக்குத் தேயிலை சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். கடைக்காரர் பாவம். டின்னை இறுக்கி மூடி, மேசையின் மறுகோடிக்காவது தள்ளிவையுங்கள். முடிந்தால் அலுமாரிக்குள் வையுங்கள்.

மணத்தை மறைக்க ஏர் பிரெஷ்னர் அடிப்பதும் வேண்டாம். மல்லிகையும் கருவாடும் சேர்ந்தால் ஒன்று மற்றதை அடக்காது, இரண்டும் கைகோத்துக்கொண்டு நடக்கும்.

யாருடைய நாள், யாருடைய விரதம்

ஆபீசில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே மைக்ரோவேவைத்தான் பாவிக்கிறார்கள். இங்கே மணத்தைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுபவர், கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர், நோன்பு மாதத்தில் தண்ணீரும் குடிக்காமல் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவர் யார் யார் என்று தெரிந்து வைத்திருப்பது கஷ்டமில்லை. அந்த நாட்களில் மரக்கறிக்காரரை முதலில் சூடாக்க விடுங்கள், சாப்பாட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுங்கள். பன்றிக்கறியைப் பொது மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம். அங்கே பிரச்சினை மணமே இல்லை.

முறைப்பாடு செய்பவரின் தவறு

மணம் வரவழைத்தவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. எட்டுப் பேர் வேலை செய்யும் ஆபீசில் "மணமுள்ள உணவுகளைச் சூடாக்க வேண்டாம்" என்று மூன்று மொழியில் பெயர் போடாத நோட்டீஸ் ஒட்டுவது, ஆளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதற்குச் சமம். யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும், யார் ஒட்டினார் என்றும் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பது அதைவிட மோசம். "இது என்ன, தோட்டத்து லயத்துச் சாப்பாடா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பவரை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. அதே ஆள் சுற்றுலா ஹோட்டலில் அதே கருவாட்டுச் சம்பலை வாழையிலையில் வைத்துக் கொடுத்தால் காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் படமும் எடுத்துப் போடுவார்.

சொல்ல வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். "அண்ணே, கறி நல்ல வாசம். அடுத்த முறை மூடி போட்டு வைப்போமா? என் ஸ்வெட்டர் வீடு வரைக்கும் மணக்குது" என்றால் எந்த அண்ணனும் கோபிக்கமாட்டார். சிங்களத்தில் சொல்ல வேண்டிய இடத்தில் இன்னும் எளிது. கருவாட்டுக்கு அவர்கள் சொல்லும் பெயர் கரவல, அதைச் சொன்னால் அவர்களுக்கும் வாயூறும்.

கருவாட்டுக்காரர் செய்யும் ஆகப்பெரிய தவறு ஒன்று உண்டு. மணத்தை ஆபீஸ் முழுக்கப் பங்குபோட்டுவிட்டுக் கறியை மட்டும் தனியாக மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவது! நம் ஆட்கள் மூடியில் கொஞ்சம் சம்பல் வைத்து நீட்டினால் எதையும் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு துண்டு கருவாடு கிடைத்தவர் அன்றைக்கு முறைப்பாடு செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசியாகத் துடைக்கிற வேலை. "தேத்தண்ணி போடுற அக்கா பார்த்துக்கொள்வாங்க" என்று விட்டுப் போகாதீர்கள். தெறிக்க வைத்தவர்தான் துடைக்க வேண்டும். ஒரு பாத்திரத்தில் அரைக் கோப்பை தண்ணீர் எடுத்து, பாதித் தேசிக்காயைப் பிழிந்து தோலையும் அதிலேயே போடுங்கள். தண்ணீர் திடீரென்று பொங்கி வெடிக்காமலிருக்க ஒரு மரக்கரண்டியையும் வைத்து, மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். நின்றபின் ஐந்து நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். ஆவியில் ஊறிய அழுக்கு ஈரத்துணிக்கே வந்துவிடும். கண்ணாடித் தட்டையும் வெளியே எடுத்துக் கழுவுங்கள். அதற்குக் கீழே உருளும் வளையத்தில் போன மாதத்து நெத்தலித் தலை ஒன்று எப்படியும் கிடக்கும்.