டிஸ்அபிலிட்டி கிராண்ட் அப்பீல்: உங்கள் ஃபைல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைதான் டிஸ்அபிலிட்டி கிராண்ட். மாமாவின் கிராண்டுக்கு அப்பீல் போட்டு, அலைந்து திரிந்து, ஒருவழியாகப் பணமும் வந்துவிட்டது. டர்பன் சாட்ஸ்வர்த்தில் பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்படி வாங்கினீர்கள்?" என்று கேட்பதால் எழுதி வைக்கிறேன். முதல் விண்ணப்பம் போடுவது எப்படி என்பதற்குள் போகவில்லை. "கிடையாது" என்று கடிதம் வந்தபிறகு நடக்கும் கதை மட்டும்.

1. கடிதம் கைக்கு வந்த தேதியை உறையிலேயே எழுதுங்கள். 90 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். முன்பெல்லாம் சாசாவிடமே (கிராண்ட் வழங்கும் அரசு முகமை, SASSA) மறுபரிசீலனை கேட்டுவிட்டுத்தான் மேலே போக முடியும். 2020 திருத்தச் சட்டம் அந்தப் படியை எடுத்துவிட்டது. நாள் தாண்டிவிட்டதா? தாமதத்துக்கான காரணத்தையும் சேர்த்து எழுதிப் போடுங்கள்.

2. அப்பீலோடு வைக்கும் நகல்களுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் 'உண்மை நகல்' முத்திரை இலவசம். மருத்துவக் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை. "சர்க்கரை நோய், கால் நரம்பு பாதிப்பு" என்பதோடு, "பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது, படி ஏற ஆள் துணை வேண்டும்" என்றும் டாக்டர் எழுத வேண்டும். அப்பீலை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் ஒரு வழக்கறிஞர், ஒரு மருத்துவர், பொதுமக்கள் தரப்பில் ஒருவர் இருப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் பார்ப்பது காகிதத்தைத்தான், உங்கள் காலை அல்ல.

3. எங்களை மாதக்கணக்கில் இழுத்தடித்தது இந்தப் படிதான். விண்ணப்பத்தை நிராகரித்தது சாசா. அப்பீலை விசாரிப்பது தனித் தீர்ப்பாயம். இரண்டும் வேறு வேறு. பழைய மருத்துவ அறிக்கை உள்ள ஃபைல் சாசாவிடம் இருக்கும். அது தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சேராமல் அப்பீல் நகராது. போனில் "முடிவு வந்துவிட்டதா?" என்று கேட்டால் "இன்னும் இல்லை" என்ற ஒரே பதில்தான், ஆயுசுக்கும். இப்படிக் கேளுங்கள்: "ஃபைல் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியாயிற்றா? எந்தத் தேதியில்? அனுப்பியவர் பெயர் என்ன?" விண்ணப்ப ரசீது எண் வேறு, அப்பீல் எண் வேறு, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சாசாவின் இலவச எண் 0800 60 10 11.

பதிலை எழுத ஒரு கவுண்டர் புக் (கெட்டி அட்டை போட்ட நோட்டு) போதும். ஆப் எல்லாம் வேண்டாம். கவுண்டரில் பேட்டரி போன போனை யாருக்குக் காட்டுவது? தேதி, பெயர், சொன்ன வார்த்தை, மூன்று கட்டம். போன் வைத்த கையோடு அதையே ஈமெயிலாகவும் அனுப்பிவிடுங்கள்: "இன்று இன்னார் இப்படிச் சொன்னார்." எழுத்தில் போனால்தான் பதில் சொல்லும் பொறுப்பு வருகிறது.

4. அப்படியும் அசையவில்லையா? 2000-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டம், பாயா (PAIA) என்பார்கள், அதன் படிவம் 2-ஐ நிரப்பி உங்கள் ஃபைலின் நகலையே கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் எடுப்பதற்காவது யாராவது ஃபைலைத் தேடி எடுத்தாக வேண்டுமே! படிவம் நிரப்பத் தடுமாறினால் அரசின் இலவச சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டின் இலவச எண் 0800 110 110.

பின்சேர்க்கை: ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா, இணையத்தில் ஐடி நம்பர் போட்டும் அப்பீல் விவரம் வரவில்லை என்று எழுதியிருந்தார். அக்கா, அது வேலையில்லாதவர்களுக்கான மாதம் 370 ரேண்ட் நிவாரணத்துக்கான தளம். டிஸ்அபிலிட்டி அப்பீலை அதில் தேடாதீர்கள்.

இன்னொருவர் கேட்டது: "சித்தப்பா எம்.கே.யில் (நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஏ.என்.சி.யின் ஆயுதப் படை) இருந்தவர், அவருக்கும் இதே வழியா?" முன்னாள் போராளி என்ற முறையில் கேட்கும் உதவிக்கு வழியே வேறு. அது 2011-ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டத்தில் வருகிறது; துறையும் வேறு, மேல்முறையீட்டு வாரியமும் வேறு. கவுண்டர் புக் மட்டும் அங்கேயும் உதவும், தம்பி.