புதுக் கேமரா: எண்களைத் தப்பாகப் படித்துவிடாதீர்கள்

கேமரா வாங்கப்போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் முதலில் கேட்பது, "எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம்?" என்றுதான். கல்யாணம், காதுகுத்து, அரங்கேற்றம் என்று பல வருஷமாகப் படம் எடுத்து வருகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டாலே, பாவம், பணம் தவறான இடத்துக்குப் போகப்போகிறதே என்று கவலை வந்துவிடும்.

மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளி, அவ்வளவுதான். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 6000-க்கு 4000 புள்ளி. நாம் ஆல்பத்தில் செருகும் 4-க்கு 6 அங்குல பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்குப் போட்டாலும், 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். ஏ4 தாள் அளவுக்கே 9 மெகாபிக்சல் தேவைப்படாது. 12-லிருந்து 24-க்குப் போனால் படம் இரண்டு மடங்கு பெரிதாகும் என்பதும் தப்புக் கணக்கு. அகலமும் உயரமும் 1.4 மடங்குதான் கூடும்.

அதற்குப் பதில் சென்சார் அளவைக் கேளுங்கள். வெளிச்சம் வந்து விழுகிற தகடு அது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 36-க்கு 24 மி.மீ. இருக்கும். பையில் போடுகிற சின்னக் கேமராக்கள் பலவற்றில் சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ.தான். பரப்பில் முப்பது மடங்கு வித்தியாசம். ஒரே மழையில் முற்றத்தில் அண்டாவும் டம்ளரும் வைத்தால் எதில் தண்ணீர் அதிகம் சேரும்? மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் நடப்பதும் அதேதான்.

ஜூம் விஷயத்தில் ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே செய்கிற ஜூம், எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். டிஜிட்டல் ஜூம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம்.

அப்பர்ச்சரில், அதாவது வெளிச்சம் நுழைகிற லென்ஸ் துளையின் அளவில், எல்லோரும் ஒரு தடவையாவது குழம்புவார்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும். லென்ஸின் குவிய நீளத்தை (லென்ஸின் மேல் எழுதியிருக்கிற மி.மீ. எண்) துளையின் விட்டத்தால் வகுத்து வருவதுதான் அந்த எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மி.மீ.; எஃப் 8 என்றால் 6 மி.மீ. சொச்சம். துளை பெரிதானால் வெளிச்சம் நிறைய வரும், பின்னணியும் அழகாக மங்கும். அந்த மங்கலில் மயங்கி, குடும்பமே மூன்று வரிசையாக நிற்கும்போதும் எஃப் 1.8-லேயே எடுத்துவிடுகிறார்கள். முன்வரிசைக் குழந்தைகள் பளிச்சென்று இருப்பார்கள், கடைசி வரிசையில் தாத்தாவின் முகம் கலங்கியிருக்கும். குரூப் படத்துக்கு 5.6 அல்லது 8 வையுங்கள்.

இனி ஐ.எஸ்.ஓ., அதாவது விழுந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்கிற எண். இதில்தான் நான் வலிக்க வலிக்கப் பாடம் படித்தேன். அக்கா மகளின் அரங்கேற்றம். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படத்தில் மணல் மணலாகப் புள்ளி வரும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு 400-ஐத் தாண்டவேயில்லை. கேமராவோடு வந்த 18-55 லென்ஸை முழுக்க ஜூம் செய்திருந்ததால் துளை 5.6-க்கு மேல் திறக்காது. ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடத் திறந்து மூடுகிற திரை) வேகம் 1/30 நொடிக்கு இறங்கிவிட்டது. வீட்டில் வந்து பார்த்தால் மேடை தெளிவாக இருக்கிறது, விளக்கு தெளிவாக இருக்கிறது. கடகாமுக முத்திரை பிடித்த விரல்கள் மட்டும் புகையாகக் கரைந்திருந்தன. லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்ததே என்று கேட்பீர்கள். அது நம் கை ஆடுவதைத்தான் சமாளிக்கும். ஆடுகிற பெண்ணை நிறுத்தாது.

கணக்கு எளிது. 400-ஐ 800 ஆக்கினால் 1/60 கிடைக்கும், 1600-க்கு 1/125, 3200-க்கு 1/250. அடுத்த நிகழ்ச்சிக்கு 3200 வைத்தேன். மணல் இருந்தது, விரல்களும் இருந்தன. மணலை மென்பொருளில் பெரும்பாலும் குறைத்துவிடலாம். கரைந்துபோன கையை அப்படி மீட்க முடியாது. அன்று இருட்டுக்குப் பயந்து கேமராவின் ஃபிளாஷைப் போட்டிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் அதன் பலம் குறைந்துவிடும், முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் பின்மண்டைதான் பளிச்சென்று விழும்.

ஆட்டோவில் வைத்துவிட்டால் வெளிச்சத்தைக் கேமராவே சரியாகக் கணித்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளை வேட்டி சட்டையோடு சுண்ணாம்புச் சுவர் முன்னால் அப்பாவை நிறுத்தி எடுங்கள். வெள்ளை அழுக்கேறின மாதிரி விழும். யானை முகத்தை நெருங்கி எடுத்தால் நேர்மாறாக வெளுத்துவிடும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் இதற்காகவே இருக்கிறது. வெள்ளைக்குக் கூட்டல் 1, கறுப்புக்குக் கழித்தல் 1 என்று தொடங்கி, திரையில் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

விளக்கின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை ஒரு நாள் மஞ்சள் பல்புக்கு மாற்றிவிட்டு மறுநாள் வெயிலில் அப்படியே எடுத்தால் முகமெல்லாம் நீலம் பாயும். சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கிற ரா வடிவத்தில் எடுத்திருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சுருக்கிச் சேமிக்கிற ஜேபெக்கில் அந்த அளவுக்கு இடம் இல்லை. மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் அழிக்காமல், படங்களைப் பத்திரப்படுத்திய பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஓரத்தில் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிற வரைக்கும் கார்டு மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். படம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது.