3,35,50,336 என்ற எண்ணைப் படிப்படியாக அறிவோம்

மூன்று கோடியே முப்பத்தைந்து இலட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு என்பது ஐந்தாவது நிறைவெண். ஓர் எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் அதே எண் கிடைக்குமாயின், அது நிறைவெண். 6 = 1 + 2 + 3 என்பது இதற்கு மிகச் சிறிய சான்று. இவ்வளவு பெரிய எண்ணுக்கு அதைச் சரிபார்க்கத் தாளும் பேனாவும் போதும்.

படி 1: எண்ணை 2 ஆல் வகுத்துக்கொண்டே வாருங்கள். 16775168, 8387584, 4193792 என்று இறங்கி, பன்னிரண்டாவது முறையில் 8191 என்ற ஒற்றைப்படை எண்ணில் நிற்பீர்கள். ஆகவே நம் எண் 2¹² × 8191, அதாவது 4096 × 8191.

படி 2: 8191 பகா எண்ணா என்று பாருங்கள். அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். 91 × 91 = 8281 என்பதால், 91க்குக் குறைந்த பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும்; அவை 24 இருக்கின்றன. 8191 = 2¹³ − 1 என்பதைக் கவனித்தால் வேலை இன்னும் சுருங்கும். 13 பகா எண் என்பதால், 2¹³ − 1 ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 26 ஆல் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றத்திலிருந்து கிடைக்கும் விதி. 91க்குள் அப்படிப்பட்டவை 27, 53, 79 மட்டுமே. 27 பகா எண் அன்று. 53 × 154 = 8162, மீதி 29. 79 × 103 = 8137, மீதி 54. எனவே 8191 பகா எண்.

இந்தப் படியைத் தாண்டிச் சென்றால் என்ன ஆகும் என்பதை 2047 காட்டும். அதுவும் 2¹¹ − 1 என்ற அதே வடிவில், 11 என்ற பகா எண்ணை அடுக்காகக் கொண்டதுதான். ஆனால் 23 × 89 என்று பிரிந்துவிடுகிறது. அதனால் 2¹⁰ × 2047 நிறைவெண் ஆகவில்லை.

படி 3: காரணிகளைக் கூட்டுங்கள். 2¹² க்கு 1, 2, 4 முதல் 4096 வரை 13 காரணிகள், 8191க்கு இரண்டு. மொத்தம் 26. ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டத் தேவையில்லை: (1 + 2 + … + 4096) × (1 + 8191) = 8191 × 8192 = 67100672. இதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 33550336 மீண்டும் கிடைக்கிறது. பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் ‘எலிமென்ட்ஸ்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் 36ஆவது தேற்றமாக உள்ள முறை இதுவே.

அதே 8191 × 8192 ஐப் பாதியாக்கியதே நம் எண் என்பதால், அது 1 முதல் 8191 வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் ஆகும். இரும வடிவில் அது பதின்மூன்று ஒன்றுகள், பின்னர் பன்னிரண்டு சுழியங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பண்பு வேறொன்று. முதல் n ஒற்றைப்படை எண்களின் கனங்களைக் கூட்டினால் n²(2n² − 1) வரும். n = 2 எனில் 1 + 27 = 28; n = 4 எனில் 1 + 27 + 125 + 343 = 496; n = 8 எனில் 8128. மூன்றும் நிறைவெண்களே. n = 64 என்று இட்டு, 127³ வரையுள்ள கனங்களைக் கூட்டினால் 4096 × 8191 ஆகிய நம் எண் வந்து நிற்கும்.