எலுமிச்சம்பழத்தைக் கொண்டு எல்இடி விளக்கை எரிய வைப்பது எப்படி?

மொரீசியசில் தைப்பூசக் காவடிக்கு வாங்கிய எலுமிச்சம்பழங்களில் சில, விழா முடிந்த பின்னும் வீட்டில் மீந்து கிடக்கும். சாமிக்குச் சாத்திய பழத்தை ஆணியால் குத்தப் பாட்டி சம்மதிக்கமாட்டார் என்பதால், பூசைக்கு வைக்காத நான்கு பழங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவற்றுடன் துத்தநாகம் பூசிய ஆணிகள் நான்கு, தடித்த செம்புக் கம்பித் துண்டுகள் நான்கு, இரு முனையிலும் கிளிப் உள்ள வயர்கள் ஐந்து, சிவப்பு எல்இடி ஒன்று ஆகியவை தேவை. தகரக் கூரைக்கு அடிக்கும் ஆணியே போதும். துருப்பிடிக்காத எஃகு ஆணி உதவாது. கம்பி கிடைக்காவிட்டால், செம்பு முலாம் பூசிய நம் 5 சென்ட் நாணயத்தைப் பளபளப்பாகத் தேய்த்துப் பயன்படுத்தலாம்.

முதலில், தோல் கிழியாதபடி ஒவ்வொரு பழத்தையும் மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். உள்ளே சுளைகள் நசுங்கிச் சாறு ஒன்றுகலக்கும். பிறகு, ஓர் ஆணியையும் ஒரு கம்பியையும் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில், உள்ளே ஒன்றையொன்று தொடாதவாறு ஆழமாகச் செருகுங்கள். மின்னழுத்தம் அளக்கும் கருவியான மல்டிமீட்டரை வைத்தால் ஒரு பழத்தில் ஏறத்தாழ 0.9 வோல்ட் காட்டும்.

சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும் என்பதால், முதல் பழத்தின் ஆணியை இரண்டாம் பழத்தின் செம்போடும், அதன் ஆணியை மூன்றாவதன் செம்போடும் என வரிசையாக நான்கையும் இணையுங்கள். முதல் பழத்தில் மீதமிருக்கும் செம்பை எல்இடியின் நீண்ட காலிலும், கடைசிப் பழத்தின் ஆணியைக் குட்டைக் காலிலும் மாட்டினால் விளக்கு மங்கலாக எரியும். சன்னல் திரையை மூடிவிட்டுப் பாருங்கள். ஒருமுறை நான் கால்களை மாற்றி மாட்டிவிட்டு, பழம் சரியில்லை என்று கால் மணி நேரம் பழத்தையே குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

மின்சாரம் பழத்திலிருந்து வருகிறது என்று பலர் எழுதுவது சரியன்று. ஆணியின் துத்தநாகம் அமிலச் சாற்றில் கரையும்போது எலக்ட்ரான்களை விடுகிறது. அவை வயர் வழியே செம்பை அடைய, அங்கே அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட துகள்கள்) அவற்றைப் பெற்று வாயுவாகின்றன. தேய்வது உலோகம், பழம் அயனிகளுக்கு வழிவிடுகிறது, அவ்வளவே. 1800இல் இத்தாலிய அறிவியலாளர் வோல்டா அமைத்த மின்கல அடுக்கில் பழமே இல்லை, உப்புநீரில் நனைத்த அட்டைதான் இருந்தது. நம் ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும்போது செலவாவது செடி சேர்த்துவைத்த ஆற்றல், இங்கே அப்படியன்று. ஆகவே பெரிய பழம் எடுத்தாலும், அன்னாசித் துண்டு எடுத்தாலும், வோல்ட் அதிகம் மாறாது. உருளைக்கிழங்கானால் எட்டு நிமிடம் வேகவைத்துப் பாருங்கள். உள்ளே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை குறைந்து ஆற்றல் பத்து மடங்கு வரை கூடும் என்று ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தார் 2010இல் கண்டறிந்தனர்.

சோதனை முடிந்ததும் அந்தப் பழங்களைப் பிழிந்து குடிக்க வேண்டாம், சாற்றில் துத்தநாகம் கரைந்திருக்கும். ஆணிகளையும் கம்பிகளையும் கழுவித் துடைத்து வைத்தால் மறுமுறைக்கு ஆகும்.